புத்தகப் பையிலே அரிவாள்!

ஓடைப்பட்டிக்கு அரிவாள் புதிதல்ல, தோழர்களே! வாழைத்தார் வெட்ட அரிவாள், மாட்டுத் தீவனம் அறுக்க அரிவாள். உழைப்பவன் கையிலே அது பிழைப்புக் கருவி. பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் அது புகுந்தது எப்படி?

கதை கட்டவில்லை நான். 2025 ஏப்ரல் 15, பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்புப் பாலகன் பையிலிருந்து அரிவாளை உருவி வகுப்புத் தோழனை வெட்டினான். தடுக்கப் பாய்ந்த ஆசிரியைக்கும் வெட்டு. பகை எதிலே பிறந்தது? ஒரு பென்சிலிலே!

அதற்கும் முன்பு நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு. பள்ளியிலே தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று முறையிட்டான் பன்னிரண்டாம் வகுப்புத் தாழ்த்தப்பட்ட மாணவன். உடன் படித்தவர்களே வீடு புகுந்து அவனை வெட்டினர். தடுத்த தங்கையையும் வெட்டினர். தனியாகவா வந்தான் ஒருவன்? இல்லை, கூட்டாளிகளோடு வந்தார்கள்! தனித்து நின்றிருந்தால் கை நடுங்கியிருக்கும். நண்பன் பார்க்கிறானே, பின்வாங்கினால் 'பயந்தாங்கொள்ளி' என்பானே! அந்த வெட்கம்தான் அரிவாளை ஓங்கியது என்பேன்.

"அவன் வைத்திருக்கிறான், நான் வெறுங்கையோடு போவதா?" என்று ஒருவன் எடுக்கிறான். அவனைப் பார்த்து இன்னொருவன். பாதி அச்சம், பாதி பகட்டு. யாரோடு கூடுவது என்பதை மட்டும் இவர்களா தீர்மானிக்கிறார்கள்? மணிக்கட்டிலே உள்ள வண்ணக் கயிறு தீர்மானிக்கிறது! நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலே அந்தக் கயிற்றுக்குத் தடை கேட்டது அதனால்தான்.

ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகரம். கத்திக்குத்துக்குப் பெயர்போன ஊர். 2008-இல் கும்பல் கும்பலாகவே இளைஞர்களை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள், தண்டிக்க அல்ல! மகனை இழந்த தாயும் காயம் தைத்த மருத்துவரும் அவர்கள் முன் பேசினார்கள். ஒருவனை மட்டும் திருத்தி அதே கூட்டத்துக்கு அனுப்பினால் என்ன பயன் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அது நெல்லைச் சீமைச் சங்கதி, நமக்கென்ன என்று திராட்சைப் பந்தலுக்குள்ளே ஒளிய முடியாது. மேடையிலே சாதியை ஒழிப்போம் என்று முழங்கிவிட்டு, ஊர்த் திருவிழாவிலே அரிவாள் படம் போட்ட சாதித் தட்டிக்கு நன்கொடை தருகிற கை நம் அணியிலே இல்லையா? கோபம் வரட்டும், கேட்கத்தான் செய்வேன்.

இன்றிரவு சோறு உண்ணும்போது மகனின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் அடிக்காதீர்கள், மிரட்டாதீர்கள். கட்டிவிட்டது யார் என்று கேளுங்கள். அந்தப் பையனையும் நாளை வீட்டுக்கு அழைத்து, இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போடுங்கள்.