வாக்கும் ஓட்டும்

ஜனப் பிரதிநிதி ஒருவரின் தன்மையை அறிய அவருடைய மேடைப் பிரசங்கங்கள் போதா. சபையில் அவர் அளித்த ஓட்டுக்களே சாக்ஷி என்பது நமது அபிப்பிராயம். 2010-ம் வருஷம் டிஸம்பர் 9-ம் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நடந்த ஓட்டெடுப்பு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

அவ்வருஷம் மே மாதத்துப் பொதுத் தேர்தலுக்கு முன், லிபரல் டெமாக்ரட் கக்ஷித் தலைவர் மிஸ்டர் நிக் கிளெக், தேசிய மாணவர் சங்கத்தாரின் வாக்குறுதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். சர்வகலாசாலை மாணாக்கர் செலுத்தும் சம்பளத்தை உயர்த்தும் எந்தப் பிரேரணையையும் எதிர்த்து ஓட்டளிப்பதாக அதில் கண்டிருந்தது. தேர்தலில் எந்தக் கக்ஷிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. 57 ஸ்தானங்கள் பெற்ற அவருடைய கக்ஷி கன்ஸர்வேடிவ் கக்ஷியுடன் கூட்டு மந்திரிசபை அமைத்தது. அவர் உபப் பிரதம மந்திரியானார்.

ஏழு மாதங்கள் கழிந்தன. இங்கிலாந்தில் வருஷச் சம்பளத்தின் உச்ச வரம்பை 3,290 பவுனிலிருந்து 9,000 பவுனாக உயர்த்தும் பிரேரணை சபைக்கு வந்தது. அதற்குப் பொறுப்பான மந்திரி மிஸ்டர் வின்ஸ் கேபிளும் அதே கக்ஷியினரே! 323 பேர் ஆதரிக்க, 302 பேர் எதிர்க்க, பிரேரணை நிறைவேறிற்று. ஆதரித்தவர்களில் மிஸ்டர் கிளெக்கும் ஒருவர். முன்னாள் தலைவர்களான சார்ல்ஸ் கென்னடி, மென்ஸீஸ் காம்ப்பெல் உட்பட அவருடைய கக்ஷி மெம்பர்கள் 21 பேர் எதிர்த்து ஓட்டளித்தனர்.

அவர் தரப்பு நியாயத்தையும் கூறிவிடுவோம். கூட்டு மந்திரிசபையில் அவர் கக்ஷி சிறியது. அரசாங்கப் பொக்கிஷமோ நெருக்கடியில் இருந்தது. மாணாக்கர் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. அரசாங்கமே கடன் தரும். பட்டதாரியின் வருமானம் வருஷத்திற்கு 21,000 பவுனைக் கடந்த பின்னரே அக்கடன் வசூலிக்கப்படும் என்பது அன்றைய ஏற்பாடு. இவை அலக்ஷியம் செய்யத்தக்க வாதங்கள் அல்ல.

ஆயினும் வழக்கின் மர்மம் வேறிடத்தில் இருக்கிறது. சம்பளத்தை அடியோடு ஒழிப்பதாக அவர் வாக்களித்து, அது முடியாமற் போயிருப்பின், பிறர் மீது பழி சொல்லலாம். அவர் அப்பத்திரத்தில் வாக்களித்ததோ தம்முடைய ஓட்டை. அது எவருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டாத பொருள். மேலும், இவ்விஷயத்தில் ஓட்டளியாது ஒதுங்கி நிற்க, கூட்டு ஒப்பந்தமே அவர் கக்ஷியினருக்கு இடமளித்திருந்தது. அவ்வழியையும் அவர் நாடவில்லை.

2012-ம் வருஷம் ஸெப்டம்பரில் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நிறைவேற்ற முடியும் என்ற நிச்சயமில்லாத வாக்கைக் கொடுத்திருக்கலாகாது என்றார். அம்மன்னிப்பை மெச்சுகிறோம், காரணத்தை ஏற்க இயலவில்லை. தம் கையிலிருந்த ஓட்டைப் பற்றி எவருக்கு நிச்சயம் வேண்டும்?

2015-ம் வருஷத் தேர்தலில் அவர் கக்ஷிக்கு மிஞ்சியவை 8 ஸ்தானங்கள். 2017-ல் ஷெபீல்ட் ஹாலம் தொகுதியை அவரே இழந்தார். இவ்வளவுக்கும் அந்த ஒரு ஓட்டே காரணம் என்று நாம் சொல்லோம். ஆனால் பிரஜைகள் அதை மறக்கவில்லை. அபேக்ஷகர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, முன்பு எப்படி ஓட்டளித்தீர்கள் என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் எல்லாத் தேசங்களிலும் பரவுவதாக!