மலைநீர் கடைமடை சேர: பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனம் பற்றிய விளக்கம்

ஆடி மாதத்தில் வால்பாறை மலையில் நாள்தோறும் மழை கொட்டுகிறது என்ற செய்தி வருகிறது. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து உழவரோ காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி இருக்கிறார். "அங்கே அவ்வளவு மழை பெய்தும் நமக்கு ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை?" என்று அவர் கேட்பது இயல்பே. தண்ணீர் திறந்த பின்னரும், தலைமடையில் வயல் நிரம்பி வழியக் கடைமடையில் மண் நனையாமல் போவது ஏன் என்ற கேள்வியும் அவருக்கு உண்டு. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண, நீர் வரும் வழியை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

நீர் வரும் வழி

ஆனைமலையில் தோன்றி மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறுகளின் நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பி, மழை மறைவுப் பகுதியான கோவை, திருப்பூர் மாவட்டச் சமவெளிக்குக் கொண்டுவருவதே பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நிறைவேற்றிய திட்டம் இது. இதற்கான ஒப்பந்தம் 1970 மே 29ஆம் நாள் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லத்தக்கதாயிற்று.

நீராற்றின் நீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து மானாம்பள்ளி மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளம் அணையை அடைகிறது. இத்திட்டத்தின் பெரிய களஞ்சியம் பரம்பிக்குளமே. அதன் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. பரம்பிக்குளத்திலிருந்து மற்றொரு சுரங்கம் வழியாக நீர் தூணக்கடவு அணைக்கு வந்து, மலையிலிருந்து இறங்கிச் சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு வெளியேறுகிறது. பின்னர் மலையடிவாரத்தைச் சுற்றி 49 கி.மீ. நீளத்திற்குச் செல்லும் காண்டூர் கால்வாயில் ஓடி உடுமலை அருகே திருமூர்த்தி அணையைச் சேர்கிறது.

திருமூர்த்தி அணையின் கொள்ளளவு 2 டி.எம்.சி.க்கும் குறைவு. அது வரவு வைத்துச் செலவு செய்யும் கல்லாப்பெட்டி போன்றது. சேமிப்புக் களஞ்சியம் அன்று. காண்டூர் கால்வாய் ஒரு நாளில் எவ்வளவு நீரைத் தாங்குமோ அவ்வளவுதான் திருமூர்த்திக்கு வர முடியும். மலையில் ஒரே வாரத்தில் பெரு மழை பெய்தாலும் அந்த நீர் முழுவதும் உடனே சமவெளிக்கு இறங்கிவிடாது. மழைக்கும் மடை திறப்புக்கும் இடையே நாள் கடப்பதற்கு இதுவே முதற் காரணம்.

மின்சாரம் எடுத்தால் நீர் குறையுமா?

"மின்சாரத்திற்காக நம் தண்ணீரைச் செலவிடுகிறார்கள்" என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. மின்நிலையம் நீரை உண்பதில்லை. நீர் விழும் வேகத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. 1 கன அடி நீர் வினாடிதோறும் 100 அடி உயரத்திலிருந்து விழுமானால் அதில் ஏறத்தாழ 11 குதிரைத்திறன் அடங்கியுள்ளது. இயந்திரத் தேய்மானம் போகக் கிடைப்பது, கிணற்றிலிருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் இரண்டு ஓடும் அளவு. சுழலியைச் சுற்றிவிட்டு அதே 1 கன அடி நீர் கீழே வந்துவிடுகிறது.

இவ்வாறே மானாம்பள்ளியில் 70 மெகாவாட்டும், சர்க்கார்பதியில் 30 மெகாவாட்டும், ஆழியாற்றுக்கு நீர் விடும் நவமலையில் 60 மெகாவாட்டும் உற்பத்தி செய்ய வசதியுள்ளது. காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின்நிலையம் உள்ளது. மின்சாரம் மிகுதியாக உள்ள நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பர். அங்கும் அதே நீர்தான் ஏறி இறங்குகிறது.

எனவே மின்சாரத்திற்கும் பாசனத்திற்கும் போட்டி எழுவது நீரின் அளவில் அன்று, நேரத்தில்தான். மின்சாரம் தேவைப்படும் நாளும் பயிருக்கு நீர் தேவைப்படும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்வதே அணை நிர்வாகத்தின் கடினமான வேலை. இதனுடன் மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைக் கேரளத்திற்கு விட வேண்டிய கடமையும் உண்டு.

ஒரு மதகு கற்பித்த பாடம்

2022 செப்டம்பர் 21ஆம் நாள் விடியுமுன், நிறைந்திருந்த பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து அடித்துச் செல்லப்பட்டது. வினாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அந்த அளவில் ஒரு நாள் முழுவதும் நீர் ஓடினால் 1.7 டி.எம்.சி. ஆகும். திருமூர்த்தி அணையை ஏறக்குறைய நிரப்பக்கூடிய நீர் அது! மழை பொய்க்கவில்லை, அணையும் நிறைந்திருந்தது. ஆயினும் நீர் போயிற்று.

நீரைக் காப்பது மழை மட்டுமன்று. சங்கிலியும், பலகையும், கால்வாய்க் கரையும் காக்க வேண்டும். காண்டூர் கால்வாயில் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து நீர் கசிந்ததால் அதனைக் கட்டம் கட்டமாகப் புதுப்பிக்க நேர்ந்ததும் இதனால்தான். அத்தகைய வேலைக்காகக் கால்வாயை அடைக்கும்போது நமக்குப் பொறுமை வேண்டும். அணையிலும் பெரிய கால்வாயிலும் உள்ள பழுதை அரசு பார்க்கும். உங்கள் மடைக்குக் கீழே உள்ள பழுதை யார் பார்ப்பது?

மண்டலப் பாசனமும் மடைக் கணக்கும்

திருமூர்த்தி அணையின் கீழுள்ள ஆயக்கட்டு ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விட நீர் இல்லாமையால் அதனை நான்கு மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். ஒரு மண்டலம் சுமார் 94,000 ஏக்கர். ஒரு நிலத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே வாய்க்கால் நீர் கிடைக்கும். அந்த ஒரு முறையும் கைநழுவினால் அடுத்த முறைக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இதில் வீணாகும் ஒவ்வொரு மணி நேர நீரும் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையைத் தொடுகிறது.

மடையில் வரும் நீரை நீங்களே அளக்கலாம். நேரான வாய்க்காலில் 30 அடி தூரம் குறித்துக்கொண்டு, ஒரு காய்ந்த துரும்பை மிதக்க விட்டு, அது கடக்கும் நேரத்தைப் பாருங்கள். நீரின் அகலம் 2 அடி, ஆழம் அரை அடி, துரும்பு கடக்க 25 வினாடி எனக் கொள்வோம். வேகம் வினாடிக்கு 1.2 அடி. மேல் நீரைவிட அடி நீர் மெதுவாக ஓடுவதால் இதனை 0.8 ஆல் பெருக்க வேண்டும். அதனை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்க, வினாடிக்கு ஏறத்தாழ 1 கன அடி என்று வரும்.

1 கன அடி நீர் 1 மணி நேரம் பாய்ந்தால் 1 ஏக்கரில் 1 அங்குலம் நிற்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு மடையின் கீழ் 40 ஏக்கர் உள்ளது. ஏக்கருக்கு இரண்டரை அங்குலம் நீர் தேவை. மடையில் 1 கன அடி வருகிறது என்று கொள்வோம். சேதாரமில்லையேல் 100 மணி நேரத்தில் 40 ஏக்கரும் பாய்ந்துவிடும. வாய்க்காலில் புல் மண்டி, எலி வளை வழியாகவும் உடைந்த கரை வழியாகவும் பத்தில் நான்கு பங்கு போய்விட்டால், அதே 100 மணியில் 24 ஏக்கர்தான் பாயும். மீதி 16 ஏக்கர் யாருடையது? கடைமடைக்காரருடையது. அவரும் நம்மைப் போலவே கடன் வாங்கி விதைத்தவர்தாம்.

"கசியும் நீர் கிணற்றுக்குத்தானே போகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. அது ஓரளவு உண்மையே. ஆனால் அது தலைமடைக் கிணற்றில் ஊறும். கடைமடைப் பயிர் காய்ந்த பிறகு அந்த ஊற்றால் அவருக்குப் பயனில்லை. தலைப்பகுதியில் தென்னைக்காகக் கால்வாயில் குழாய் இறக்கி நீர் எடுப்பதும் அவருடைய பங்கிலிருந்து எடுப்பதே ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தண்ணீர் திறப்பதற்கு முன்பே வயல் வாய்க்காலைத் தூர் வாரி, புல் செதுக்கி, எலி வளைகளை மண் இட்டு இறுக்கி அடைக்க வேண்டும்.

2. சுற்று தொடங்கியதும் மடையிலும் கடைசி வயலிலும் நீரை அளந்து எழுதி வையுங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே உங்கள் சேதாரம். பழுது எங்கே என்று அது காட்டிவிடும்.

3. நிலத்தைச் சமன் செய்து, மக்காச்சோளம், பருத்தி போன்றவற்றைப் பார் பிடித்து விதைக்கவும். பாத்தி நிரம்பி வழியும்வரை மடையைத் திறந்து வைக்க வேண்டாம்.

4. மக்காச்சோளம் பூக்கும் சமயத்திலும், நிலக்கடலை விழுது இறங்கிக் காய் பிடிக்கும் சமயத்திலும் நீர் தவறினால் மகசூல் வெகுவாகக் குறையும். தண்ணீர்ச் சுற்று அச்சமயத்தில் அமையுமாறு விதைக்கும் நாளைத் தீர்மானிக்கவும்.

5. இரவு முறை வந்தால் நீரை ஓடையில் விட்டுவிடாமல் இருவர் இருவராகச் சேர்ந்து பாய்ச்சுங்கள்.

6. 2000ஆம் ஆண்டு இயற்றிய பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டத்தின்படி, ஆயக்கட்டு உழவர்களைக் கொண்டு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. சங்கக் கூட்டத்திற்குச் சென்று, யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்ற முறைப் பட்டியலை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் செய்யுங்கள். எழுதாத முறை வலுத்தவருக்கே உதவும்.

மலையில் பெய்த மழை அணைகளையும் சுரங்கங்களையும் மின்நிலையங்களையும் நெடுங்கால்வாயையும் கடந்து உங்கள் மடை வரை வந்துவிடுகிறது. இத்தனை தூரம் வந்த நீர், கடைசி அரை மைலில் புல்லுக்கும் எலி வளைக்கும் இரையாகலாமா? தலைமடையில் உள்ளவர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்து, கடைமடைக்காரருக்குச் சொல்லி அனுப்பும் வழக்கம் வர வேண்டும். அவ்வாறு செய்தால் இருக்கும் நீரிலேயே மேலும் பல ஏக்கர் விளையும். உழவர் பெருமக்கள் இதனை வரும் சுற்றிலேயே தொடங்கிப் பயனடைவார்களாக.