நாரி நோவை மறைக்க வேண்டாம்



வெஸ்ட் ஈலிங்கிலும் அதனைச் சூழவும் வாழும் எம்மவருள் பலர் பார்க் றோயல், சவுத்தோல், ஹேய்ஸ் பகுதிகளிலுள்ள தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் உழைக்கின்றனர். மா மூட்டை, எண்ணெய்த் தகரம், குளிரூட்டிய உணவுப் பெட்டி எனப் பொழுதெல்லாம் பாரம் தூக்கி இறக்குவது அவர்களுள் அநேகருடைய அன்றாட வேலை. இவர்கள் நாரி நோவுடன் வைத்தியரிடம் வரும்போது பெரும்பாலும் காலம் பிந்தியே வருகின்றனர். "சொன்னால் வேலை போய்விடும்" என்ற பயமே இதற்கு முக்கிய காரணம்.

உடம்பில் பலமுள்ளவனுக்கு ஒன்றும் வராது என்று நாம் எண்ணுவதுண்டு. அது சரியன்று. பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடிப்பதிலும் பார்க்க, கையை நீட்டிப் பிடிக்கும்போது நாரியில் விழும் பளு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். ஆகவே எவ்வளவு நிறை என்பது மட்டுமல்ல, எங்கே பிடிக்கிறோம், எத்தனை தரம் தூக்குகிறோம் என்பதும் முக்கியம்.

இந்நாட்டின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்றகம் தரும் வழிகாட்டலைப் பாருங்கள். முழங்கை உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடிப்பதானால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. நிலமட்டத்தில் கையை நீட்டித் தூக்குவதானால் ஆணுக்கு 5 கிலோ, பெண்ணுக்கு 3 கிலோ மட்டுமே. இவை சட்ட எல்லைகளல்ல. இவற்றுக்கு மேற்பட்டால் அந்த வேலையை நன்றாக ஆராய வேண்டும் என்பதே பொருள்.

1993 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி முதலாளிக்கு மூன்று கடமைகள் உண்டு. ஆபத்தான தூக்குதலை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததை ஆராய வேண்டும். ஆபத்தைக் குறைக்க வேண்டும். "குனியாமல் தூக்கப் பழகு" என்று தொழிலாளிக்குச் சொல்வதோடு அவர் கடமை தீர்ந்துவிடாது. தள்ளுவண்டி, உயர்த்தும் மேசை, சிறிய மூட்டை, இடுப்பு உயரத்தில் தட்டு ஆகியவையே நல்ல பரிகாரங்கள். இடுப்புப் பட்டி இவற்றுக்கு ஈடாகாது.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. தூக்குமுன் நிறையைச் சற்று அசைத்துப் பாருங்கள். பாதங்களை அகல வையுங்கள். பாரத்தை உடம்போடு அணையுங்கள். இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்கும் தொண்டர்களுக்கும் இது பொருந்தும். இருவராகத் தூக்குவதில் வெட்கமில்லை.

காயம் ஏற்பட்டால் அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். ஏஜென்சி மூலம் வேலை செய்வோர் ஏஜென்சிக்கும் அறிவியுங்கள். நட்டஈடு கோருவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே அவகாசம். அப்போது அந்தப் பதிவு பெரிதும் உதவும். பாதுகாப்புக் குறையை முறைப்படி எடுத்துச் சொன்ன ஊழியரைத் தண்டிப்பதை 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டம் தடுக்கின்றது.

சாதாரண நாரி நோவுக்கு நாட்கணக்கில் படுத்திருப்பது நல்லதல்ல. இயன்றளவு நடமாடுவதே சுகத்தை விரைவாக்கும். ஆனால் இரு கால்களும் பலவீனமானால், மர்ம உறுப்பைச் சுற்றியோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப் போனால், சலம் கழிப்பதில் தடையோ மலத்தை அடக்க முடியாமையோ ஏற்பட்டால், ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள் அவை. தாமதித்தால் நிரந்தரக் குறைபாடு ஏற்படலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் எழுத முடியாத காரணத்தால் பேசாதிருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நோவுக்குத் தைலம் பூசிவிடுவதோடு நின்றுவிடாமல், வேலைத்தலத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.