நுரைக் காதடைப்பான் பராமரிப்பு

நுரைக் காதடைப்பான் என்பது இரைச்சலில் இருந்து கேள்திறனைக் காப்பதற்காகச் செவிக்குழலினுள் செருகப்படும் சிறு நுரை உருளை ஆகும். இது தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் உறக்கத்தின்போதும் பயன்படுத்தப்படுகின்றது. இவ்வகைக் காதடைப்பான்களுள் பெரும்பாலானவை குறுகிய காலப் பயன்பாட்டுக்குப் பின் எறிந்துவிடுவதற்கென உருவாக்கப்பட்டவை. ஆகவே இவற்றைத் தூய்மை செய்யும் முறையுடன், எப்போது மாற்றவேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

செயற்படும் விதம்

1967ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நேசனல் ரிசர்ச் கார்ப்பரேசன் நிறுவனத்தில் ராசு கார்டனரும் அவரது குழுவினரும் இதற்கான நுரைப்பொருளை உருவாக்கினர். இன்று பாலிவினைல் குளோரைடு, பாலியூரிதேன் ஆகிய நெகிழிகளின் நுரைகள் பயன்படுகின்றன. விரல்களால் உருட்டி மெல்லியதாக்கிய நுரை, செவிக்குழலினுள் மெதுவாக விரிந்து அதன் சுவருடன் இடைவெளியின்றிப் பொருந்துகின்றது. இந்த மெதுவான விரிவே காதடைப்பானின் உயிர்நாடி. நுரை கெட்டியானாலோ சுருங்கினாலோ சிறு இடைவெளி உண்டாகி, அதன் வழியே ஒலி உட்புகும்.

பராமரிப்பின் தேவை

வியர்வை, குறும்பி, தூசு, கை அழுக்கு ஆகியன நுரையில் படிகின்றன. அழுக்கடைந்த காதடைப்பான் செவிக்குழலில் எரிச்சலையும் தொற்றையும் ஏற்படுத்தக்கூடும். பிறர் பயன்படுத்தியதை அணிதல் கூடாது.

தூய்மை செய்தல்

உற்பத்தியாளரின் குறிப்பு கழுவ வேண்டாம் எனக் கூறினால் கழுவுதல் கூடாது. கழுவ இசைவிருப்பின் பின்வரும் முறையைக் கையாளலாம்:

* இளஞ்சூடான நீரில் மென்மையான சோப்பைச் சிறிதளவு கலந்து, மேற்பரப்பை மெதுவாகத் தேய்க்க வேண்டும்.
* சோப்பு எஞ்சாதவாறு தூய நீரில் அலசவேண்டும்.
* முறுக்கிப் பிழியாமல், துணியில் ஒற்றி நீரை அகற்றவேண்டும்.
* நிழலில், உட்புறமும் ஈரமின்றி உலரும்வரை விடவேண்டும்.

ஆல்ககால், கரைப்பான்கள், கொதிநீர், நேரடி வெயில் ஆகியன நுரையின் தன்மையைக் கெடுக்கக்கூடும். உலர்ந்தபின் காற்றோட்டமுள்ள சிறு பெட்டியில் வைக்கலாம்.

மாற்றவேண்டிய நிலை

காதடைப்பானை உருட்டி அமுக்கிவிட்டு விடுவித்தால், அது மெதுவாக விரிந்து பழைய வடிவை அடையவேண்டும். உடனே துள்ளி விரிந்தாலும், சுருங்கியபடியே நின்றாலும் அதை எறிந்துவிட வேண்டும். கிழிசல், கெட்டித்தன்மை, நீங்காத கறை ஆகியனவும் மாற்றுவதற்கான அறிகுறிகளாகும். தூய்மையாகத் தோன்றுவது மட்டும் போதுமானதன்று.

அணிதலும் கழற்றுதலும்

நுரையைத் தொடுமுன் கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும். காதடைப்பானை மெல்லிய உருளையாக உருட்டியபின், மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் செவிக்குழல் நேராகும். செருகியபின் அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். கழற்றும்போது மெல்லத் திருகி, அடைப்பைத் தளர்த்திய பின்னரே வெளியே எடுக்கவேண்டும். விரைந்து இழுத்தால் செவிப்பறைக்கு ஊறு நேரலாம்.

கேள்திறன் இழப்பு

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் ஆகும். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறைகின்றது. 100 டெசிபலில் அது ஏறத்தாழ 15 நிமிடங்களே. உட்செவியின் மயிரிழை உயிரணுக்கள் மனிதரில் அழிந்தபின் மீண்டும் வளர்வதில்லை. இவ்விழப்பு பெரும்பாலும் வலியின்றிச் சிறிது சிறிதாக நிகழ்வதால், நன்கு பொருந்தாத காதடைப்பானை அணிந்திருப்பவர் அதனை உடனடியாக உணர்வதில்லை.