உங்கள் வீட்டில் ஒரு வந்தியத்தேவன்!

"கதை படிச்சு யாரு டாக்டர் உருப்பட்டிருக்கா?" என்று கேட்கும் பெற்றோர் இங்கே தெள்ளாரிலும் உண்டு. பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைப் புத்தகத்தோடு பையன் உட்கார்ந்திருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால், பிடித்த ஒரு கதாபாத்திரம் சில நேரம் நம்மைக் கைதூக்கி விடும். எப்படி என்று சொல்கிறேன்.

சித்த மருத்துவம் உடம்பையும் மனசையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மனசு சோர்ந்தால் பசி போகும், தூக்கம் கெடும், மலம் கட்டும். ஆரணிப் பக்கம் பட்டுத் தறி போட்டிருக்கும் குடும்பம் ஒன்று, பிளஸ் டூ படித்த மகனை என்னிடம் அழைத்து வந்தது. "வயித்து வலின்னே சொல்றான், சோறு இறங்கல" என்றார் அம்மா. விசாரித்தால், கணக்கில் தவறிவிட்டான். மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை.

முதலில் அவனைத் தனியே உட்காரவைத்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "இல்ல சார், வெட்கமா இருக்கு" என்றான். பேச்சை மாற்றி, என்ன படிப்பாய் என்றேன். "பொன்னியின் செல்வன். வந்தியத்தேவன்னா உயிர்!" அப்போதுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

விழுந்து எழுந்தவன்

கல்கி இந்தக் கதையை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். 2022, 2023-ல் இரண்டு பாகமாகச் சினிமாவாகவும் வந்தது. வல்லவரையன் வந்தியத்தேவன் சரித்திரத்தில் இருந்தவர்தான். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. மற்றபடி அந்தத் துடுக்கும் குறும்பும் கல்கியின் கற்பனை.

அவன் குறையே இல்லாத வீரன் அல்ல. அரச குலத்தில் பிறந்தும் ஆள ராஜ்யம் இல்லை. அவசரக்காரன், வாய் நீளம். கோடிக்கரையில் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். ஓடக்காரப் பெண் பூங்குழலிதான் அவனைக் காப்பாற்றுகிறாள். அதற்காக அவன் கூனிக் குறுகி உட்கார்ந்துவிடவில்லை. அவள் படகிலேயே இலங்கைக்குப் போகிறான், வந்த வேலையைப் பார்க்க!

பையனிடம் இதைத்தான் கேட்டேன்: "உன் இடத்துல வந்தியத்தேவன் இருந்தா இன்னிக்கு என்ன பண்ணுவான்?" கொஞ்ச நேரம் யோசித்தான். "யார்கிட்டயாவது உதவி கேப்பான் சார்."

அன்று சாயங்காலமே கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போயிருக்கிறான். துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டான். பசிக்கு நான் கொடுத்த சூரணமும் வேலை செய்தது. ஆனால் அறைக் கதவைத் திறந்தது சூரணம் இல்லை.

ஏன் இப்படி?

நம் கஷ்டத்தை நாமே பார்க்கும்போது பயமும் வெட்கமும் கண்ணை மறைக்கும். இன்னொருவராக நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று யோசிக்க முடிகிறது. அமெரிக்காவில் 4 வயது, 6 வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றை 10 நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கத்திலேயே விளையாட்டும் இருந்தது. பேட்மேன் மாதிரி தங்களுக்குப் பிடித்த பாத்திரமாகத் தங்களைப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். இந்த ஆய்வு 2017-ல் வெளியானது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. "யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "அவன் தோற்றபோது என்ன செய்தான்?" என்றும் கேளுங்கள். ஜெயித்த இடத்தைவிட விழுந்த இடத்தில்தான் நமக்குப் பாடம்.

2. ஒரே ஒரு குணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அன்றைக்கே செய்யக்கூடிய சின்ன வேலையாக மாற்றுங்கள். "தைரியமாக இருப்பேன்" என்பது வேலை ஆகாது. "வாத்தியாரிடம் இந்த ஒரு கணக்கைக் கேட்பேன்" என்பதுதான் வேலை.

3. நாயகனின் சிகரெட், அடிதடி, பைக் சாகசம் வேண்டாம். அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

4. "அவன் எப்படி இருக்கான், நீயும் இருக்கியே!" என்று ஒப்பிட்டுக் குத்தாதீர்கள். மருந்தே விஷமாகிவிடும்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சர்க்கரை உள்ளவர் காலையில் எழுந்து நடக்க மனசு வராதபோது, தமக்குப் பிடித்த பாத்திரத்தை நினைத்து முதல் பத்தடி வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, யாரோடும் பேசாமை நீடித்தால் கதை போதாது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே.

தறியில் இழை அறுந்தால் நெசவாளி எழுந்து போய்விடுவதில்லை. அறுந்ததை முடிந்துவிட்டு மறுபடி நெய்கிறார். தேர்வில் தவறிய பிள்ளைக்கும் அந்த முடிச்சுப் போட ஒரு கை வேண்டும். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்காமல், அவனுக்குப் பிடித்த கதையைப் பற்றிக் கேட்டுப் பாருங்களேன்.