கறியில்லாக் கொத்துக்கறி – 7
தறிக்குப் போக வேண்டிய நூல்

வாழைப்பூவும் பருப்பு உருண்டையும் முடிந்துவிட்டன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பால் காளான் என்று சொல்லியிருந்தேன். ஆனால் தேவிகாபுரத்தில் ஒரு பட்டு நெசவாளி வீட்டு அடுப்படி என்னை நிறுத்திவிட்டது.

புரட்டாசி மாதம். ஆட்டுக்கறி எடுக்காத இந்த நாட்களில் மளிகைக் கடை வாசலில் மீல்மேக்கர் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. ஒரு கம்பெனியின் பெயர் பண்டத்துக்கே பெயராகிவிட்ட கதை இது. இலங்கைத் தமிழர்கள் இதையே சோயா மீட் என்கிறார்கள்.

வீட்டின் முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் அடுப்பு. அந்த வீட்டு அக்கா கொதிநீரில் உப்புப் போட்டு மீல்மேக்கரைப் பத்து நிமிடம் ஊறவிட்டிருந்தார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினார். பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். ஒரு பழைய வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் கொட்டி மூட்டையாகக் கட்டி, மூட்டையின் கழுத்தில் கரண்டிக் காம்பைச் செருகித் திருகினார். நுரைத்த மஞ்சள் தண்ணீர் ஓடியது. நின்றது. மறுபடி திருகினார். மறுபடி ஓடியது.

"கையால பிழிஞ்சா பாதித் தண்ணி உள்ளயே நின்னுடும் தம்பி. சாயக்காரங்க பட்டுச் சிட்டத்தை எப்படி முறுக்குறாங்க? அந்த மாதிரிதான்."

அவர் சொன்னது உவமைக்காக அல்ல. கச்சாப் பட்டில் கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்கி, அலசி, சிட்டத்தில் கோலைக் கொடுத்து முறுக்கிப் பிழிந்தால்தான் மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். பட்டும் புரதம், சோயாவும் புரதம். வேகவை, அலசு, முறுக்கு. சாயப்பட்டறை வேலையை அக்கா அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இதை யோசித்துக்கொண்டே ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். கண்டுபிடித்தது என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. சைவக் கறியை நாராக்கும் வித்தையே நூல் நூற்கப் போன இடத்தில்தான் பிறந்திருக்கிறது!

கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்குச் சோயா மேல் தீராத பித்து. அவரிடம் வேலை பார்த்த வேதியியலாளர் ராபர்ட் பாயர், கார் இருக்கைத் துணிக்காகச் சோயாவிலிருந்து நூல் இழுத்தார். புரதத்தைக் காரத்தில் கரைத்துப் பாகாக்கி, நுண்துளைகள் கொண்ட மூடி வழியாக அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஓர் இழை உறைந்து வெளியே வரும். செயற்கைப் பட்டு என்று நம்மூரில் சொல்லும் ரேயானை எடுக்கும் முறையும் இதுதான். 1941-இல் ஃபோர்டு சோயா நூல் கலந்த சூட்டைப் போட்டுக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்.

பட்டுப்புழு செய்வதும் வேறென்ன? உடலுக்குள் திரவமாக இருக்கும் புரதம், வாய்க்குக் கீழே இருக்கும் நுண்துளை வழியே வரும்போது இழையாகிறது.

சோயாத் துணி நிலைக்கவில்லை. நனைந்தால் இழை வலுவிழந்தது. பாயர் அதே இழையைத் தின்னக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1954-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். நனைந்தால் இற்றுப்போகும் நூல் நெசவாளிக்கு ஆகாது. பல்லுக்கு அதுதானே வேண்டும்! துணிக்கு இருந்த குறையே கறிக்குக் குணமானதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

நம் கடைகளில் கிடைக்கும் மீல்மேக்கர் பாயரின் நூல் அல்ல, அதன் எளிய தம்பி. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவைத் தண்ணீர் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சு வழியே தள்ளுகிறார்கள். முறுக்கு உழக்கு மாதிரிதான். வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விடுபட, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மாவு உப்பிக்கொள்கிறது. இதற்கு வில்லியம் அட்கின்சன் 1970-இல் காப்புரிமை பெற்றார். உலர்ந்த மீல்மேக்கரில் ஏறக்குறைய பாதி புரதம். கொழுப்பு மிகக் குறைவு.

கொழுப்பு இல்லாததில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆட்டுக் கொத்துக்கறி வேகும்போது தன் கொழுப்பைத் தானே விடும். மீல்மேக்கர் எதையும் விடாது, குடிக்க மட்டுமே செய்யும். அதனால் அக்கா மசாலாவை முதலில் தயாராக்கினார். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தேங்காய், கசகசா எல்லாம் சுருள வதக்கி ஆறவைத்தார். பிழிந்த மீல்மேக்கரை மிக்சியில் விட்டு விட்டு மூன்றே சுற்று. அதற்கு மேல் ஓட்டினால் நார் செத்து மாவாகிவிடும். இரண்டையும் பிசைந்து, பொட்டுக்கடலை மாவு இரண்டு கைப்பிடி தூவி, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்க்காமல் கோலா உருட்டினார். நான் உருட்டியது எண்ணெயில் விரிந்துவிட்டது. என் கை ஈரமாக இருந்ததுதான் காரணம். அவருடையவை அத்தனையும் செம்பழுப்பாக மிதந்தன. ஒன்றைப் பிட்டபோது உள்ளே மெல்லிய நார்கள் பிரிந்து நின்றன. அந்த நார் பிரிவதைப் பார்க்கத்தான் ஏழு வாரமாக அலைகிறேன்.

கொத்துக்கறியைக் குறிக்கும் கைமா என்ற சொல்லுக்கே துருக்கி மொழியில் கொத்தியது என்ற வேர்தான். சென்னை ஓட்டல்களின் கைமா இட்லியில் கறி இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் ஊர்க் குன்றைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மேலே கனககிரீஸ்வரர் கோயில். கிழங்கு தோண்டிய வேடனின் கருவி பட்டுச் சுவாமிக்குக் காயமானதாகவும், அதனால்தான் வெந்நீர் அபிஷேகம் நடப்பதாகவும் ஊரில் சொல்கிறார்கள். வேட்டையாடுகிறவன் கிழங்கு தேடிப் போன கதை! அந்தக் கிழங்கைப் பற்றியே ஒரு வாரம் எழுதலாம்.

அதற்கு முன் பால் காளான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ரகத்துக்கு ஏன் அருப்புக்கோட்டையின் பெயர் வந்தது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

(தொடரும்)