நிறம் போனாலும் உப்பு போகாது!



போன மாசம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பார்த்து முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தாங்க. "எங்க தோட்டத்துல ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்குதுங்க. துணிக்குச் சாயம் போட ஷெட் போடறோம், மாசாமாசம் வாடகை தர்றோம்னு ஆளு வந்து கேக்கறாங்க. சாயத்தண்ணிய நிறமே இல்லாம சுத்தம் பண்ணித்தான் வெளிய விடுவோம்னு சொல்றாங்க. குடுக்கலாமுங்களா?"

அந்த அக்காவுக்குக் குழுக் கடன் பாக்கி இருக்கிறது. பொண்ணு நர்சிங் படிக்குது. வாடகை வந்தால் மாசத் தவணைக்குக் கவலையில்லை. அதனால் "வேண்டாம்"னு ஒரே வார்த்தையில் சொல்லிவிட யாருக்கும் மனசு வரவில்லை. "நிறமில்லாத தண்ணின்னா நல்ல தண்ணிதானே?" என்று இரண்டு பேர் கேட்டாங்க. "விசாரிச்சு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க"ன்னு பொறுப்பை என் தலையில் கட்டினாங்க. நான் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சாயத்துக்கு உப்பு எதுக்கு?

சாயப்பட்டறை என்றாலே நமக்குச் சிவப்பும் நீலமுமாக ஓடுகிற சாக்கடைதான் ஞாபகம் வரும். ஆனால் நம்ம கிணற்றைக் கெடுப்பதில் நிறத்தைவிடப் பெரிய ஆள் ஒன்று இருக்கிறது. அது உப்பு.

பருத்தித் துணிக்கு இப்போது பெரும்பாலும் 'ரியாக்டிவ்' என்கிற வகைச் சாயம்தான் போடுகிறார்கள். துவைத்தாலும் சீக்கிரம் போகாது என்பதால் அதற்கு மவுசு. இதில் ஒரு சிக்கல். தண்ணீரில் நனைந்த பருத்தி நூலும் சரி, இந்தச் சாயமும் சரி, இரண்டுமே ஒரே வகை மின்தன்மை உள்ளவை. இரண்டு காந்தத்தின் ஒரே முனையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எப்படி விலகி ஓடுமோ, அப்படி நூலும் சாயமும் ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் உப்பைப் போட்டால் அந்தத் தள்ளுதல் அடங்கி, சாயம் நூலுக்குள் போய் உட்காரும். பிறகு சோடா உப்பைச் சேர்த்தால் அங்கேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு எவ்வளவு உப்பு என்று கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 முதல் 80 கிராம் வரைக்கும் போடுவார்களாம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணி என்று வைத்துக்கொண்டால் கணக்கு அரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஒரு கிலோவில் ஐந்து டீ-சர்ட் வரும். அப்படியானால் நம்ம பையன் போட்டிருக்கும் ஒரு கறுப்பு டீ-சர்ட்டுக்குப் பின்னால் சுமார் 100 கிராம் உப்பு! வெளிர் நிறமென்றால் இதைவிடக் குறைவு.

இந்த உப்பில் ஒரு பிடிகூடத் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுத் தண்ணியோடு வெளியே வந்துவிடும். போட்ட சாயத்திலும் ஒரு பகுதி ஒட்டாமல் கூடவே வரும். நிறத்தைச் சுண்ணாம்பும் சில ரசாயனமும் போட்டுப் படியவைத்து எடுத்துவிடலாம், கஷ்டமில்லை. உப்பை அப்படி எடுக்க முடியாது. ரசத்தில் உப்பு கூடிப்போனால் வேட்டித் துணியில் வடிகட்டி எடுக்க முடியுமா? அந்தக் கதைதான். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும்.

நொய்யல்காரர்கள் பட்ட பாடு

இதை நம்ம பக்கத்துத் திருப்பூர் கண்ணால் பார்த்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். பனியன் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் எழுநூறுக்கு மேல் பெருகின. கழிவெல்லாம் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணிக்காகக் கட்டின அணைத் தண்ணியை வயலுக்கு விடாதீங்க என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

1990-களின் கடைசியில் பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அங்கே நிறமும் அழுக்கும் ஓரளவு குறைந்தன. உப்பு மட்டும் அப்படியே ஆற்றுக்குப் போனது. "சுத்தம் பண்ணித்தான் விடறோம்" என்று அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நம்ம அக்காவிடம் வந்தவர் சொன்னதும் இதே பேச்சுதான் என்பதைக் கவனியுங்கள்.

உப்புத் தண்ணி மண்ணில் இறங்கினால் எல்லாப் பயிரும் ஒரே நாளில் பட்டுப்போகாது. வெங்காயம், அவரை, பயறு வகைகள் முதலில் சுணங்கும். தென்னை கொஞ்சம் தாங்கும். அதனால் "மரம் பச்சையாத்தானே நிக்குது" என்று ஏமாந்துபோகக் கூடாது. மரம் வாடுவதற்கு முன்னாலேயே கிணறு கெட்டிருக்கும். கிணறு கெட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாக நடப்பது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். இழப்பைக் கணக்கெடுத்த ஆணையம், 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கண்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, சாய, சலவைப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பட்டறை மூடினதும் பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்தது. பிழைப்புக்காகத் திருப்பூர் போன எத்தனையோ குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. கிணறு போன பெண்ணும் நம்ம சகோதரிதான், வேலை போன பெண்ணும் நம்ம சகோதரிதான்.

எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தபோது

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கழிவிலிருந்து நல்ல தண்ணியைப் பிரிக்க ஆர்.ஓ. மிஷின் உண்டு. நம்ம ஊர் கேன் தண்ணி பிளாண்டில் இருப்பதுதான், இது ரொம்பப் பெரிசு. நல்ல தண்ணி ஒரு பக்கம் வந்துவிடும். மீதி, உப்பெல்லாம் திரண்ட கெட்டித் தண்ணியாக நிற்கும். அதைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்கு எரிக்கிற எரிபொருள் கொஞ்சநஞ்சமில்லை. காய்ச்சி முடித்தாலும் அழுக்கும் பலவகை உப்பும் கலந்த ஒரு கசடுதான் மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது?

விவசாயிகள் எந்தக் கிணறு எந்த வருசம் கெட்டது என்று சொன்னார்கள். கிணறு, நிலம், கால்நடை, மீன் என்று தொழிலால் வந்த சேதத்துக்குப் பணக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள் சென்னை பொருளாதாரப் பள்ளி ஆராய்ச்சியாளர்கள். தொட்டிக்குள் நடப்பது சாயம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரைப் பற்றிப் பொறியாளர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம், பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேலை செய்தபோது எளிமையான ஒரு யோசனை கைக்கு வந்தது. சாயம் போட உப்புத் தண்ணிதானே வேண்டும்? அப்புறம் எதற்கு அந்த உப்புத் தண்ணியைக் காய்ச்சி வீணாக்க வேண்டும்? அதிலிருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் எடுத்துவிட்டு, சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால் என்ன?

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2011-ல் இதைச் செய்து பார்த்தார்கள். திருப்பி அனுப்பிய உப்புத் தண்ணியில் போட்ட சாயம் நன்றாகவே ஏறியது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒழுங்காக நடக்கும் நிலையங்களில் இன்று தண்ணியில் பெரும்பகுதியும் உப்பில் நல்ல பங்கும் திரும்பவும் பயன்படுகின்றன.

பிரச்சினை முழுசாகத் தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். கசடு இன்னும் மூட்டை மூட்டையாகச் சேருகிறது. இந்த நிலையங்களை நடத்தப் பெரும் பணம் ஆகிறது. அந்தச் செலவுக்குப் பயந்து, கண்காணிப்பில்லாத இடமாகப் பார்த்து ஒதுங்குகிற பட்டறைகளும் உண்டு. திருட்டுத்தனமாகக் கழிவு விட்டுச் சீல் வைக்கப்பட்ட செய்திகள் பேப்பரில் அவ்வப்போது வருகின்றன. நம்ம அக்காவின் தோட்டத்தைக் கேட்டு ஆள் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

உப்பே வேண்டாத சாயம் கிடைக்குமா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. பருத்தியின் மின்தன்மையையே மாற்றிவிட்டுச் சாயம் போடுவது ஒரு வழி. தண்ணிக்குப் பதில் அழுத்தம் கூட்டிய கரியமில வாயுவில் சாயம் போடும் மிஷின் நெதர்லாந்தில் செய்திருக்கிறார்கள். அது பாலியஸ்டருக்குத்தான் சரிப்படுகிறது, நம்ம பருத்திக்கு இல்லை.

இயற்கைச் சாயம் போட்டா சரியாயிடுமா?

இந்தக் கேள்வியையும் ஒரு தங்கை கேட்டாள். சின்னாளபட்டி சுங்குடிச் சேலை மாதிரி நம்ம குழுவே சாயம் போட்டு விற்கலாமே என்று அவளுக்கு ஆசை. அவுரி, கடுக்காய், மாதுளம் தோல் இவையெல்லாம் நல்ல சாயப்பொருள்கள். மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், விற்ற சேலை திரும்பி வரும். சாயம் பிடிக்கப் படிகாரம் போட்டால் போதும். பளிச்சென்று வருகிறதே என்று மயில்துத்தம் போட ஆரம்பித்தால் அதிலிருக்கும் செம்பு மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல். அலசுவதற்கும் தண்ணி நிறைய வேண்டும். சின்ன அளவில், நல்ல விலைக்குச் செய்யலாம். பெரிய பட்டறைக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

நாங்க என்ன செஞ்சோம்?

நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த உப்பு புதுசில்லை. தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் தோல் ஷாப்புக்கு அனுப்புவார்கள். தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், வேலூர்ப் பக்கத்தோடு திண்டுக்கல்லும் இருக்கிறது. கெடுத்தவனே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பாலசமுத்திரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நம்ம பாலாறு பொருந்தலாறு தண்ணிதான் சண்முகநதியாகப் போய் அமராவதியில் சேர்கிறது. இங்கே விட்டது கீழே தாராபுரம், கரூர்க்காரர்கள் வீட்டுக்குப் போகும்.

அந்த அக்காவும் கூட்டமைப்பிலிருந்து மூன்று பேரும் போய், தோட்டம் கேட்டவரைப் பார்த்தோம். சண்டைக்குப் போகவில்லை. கேட்டது நான்கு கேள்விதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பட்டறை நிறுவவும், பிறகு இயக்கவும் தனித்தனியாக இசைவாணை வாங்க வேண்டும், அந்தக் காகிதம் எங்கே? அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் ஆற்றிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று 1989-லும் 1998-லும் அரசாணை போட்டிருக்கிறார்களே, இந்த இடம் அதற்குள் வருகிறதா? எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீங்கள் உறுப்பினர்? நிறத்தை எடுத்துவிடுவீர்கள் சரி, உப்பை எங்கே கொண்டுபோவீர்கள்?

மூன்று கேள்விக்கு ஏதேதோ சொன்னார். நாலாவதுக்கு, "உப்பா? அதெல்லாம் தண்ணியோட போயிடுமுங்க" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. காகிதத்தோடு வருகிறேன் என்று போனவர் இதை எழுதும் நாள் வரை வரவில்லை.

இப்படி யாராவது உங்கள் ஊருக்கு வந்தால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் குழு லெட்டர்பேடில் மனு கொடுக்கலாம். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையிலும் எழுப்பலாம்.

இன்னொரு வேலையும் செய்தோம். தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேனா மாதிரி இருக்கும். பொது நிதியில் ஒன்று வாங்கினோம். குடிதண்ணியில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. எந்த உப்பு என்று இந்த மீட்டர் சொல்லாது. கிருமியையும் காட்டாது. ஆனால் இன்றைக்கு எவ்வளவு, அடுத்த வருசம் எவ்வளவு என்று ஒப்பிட உதவும். உறுப்பினர்கள் தங்கள் கிணறு, போர் தண்ணியைப் பாட்டிலில் கொண்டுவந்தாங்க. ஒருத்தர் பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மாதிரி வரிசையில் நின்று சிரித்தாங்க. பட்டறை எதுவுமே இல்லாத பக்கத்திலும் ஒரு போர் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகக் காட்டியது. மண்ணிலேயே உள்ள உப்பாக இருக்கலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே அளந்து வைப்பது. பிறகு யாராவது "இது எப்பவுமே உப்புத் தண்ணிதான்" என்று சொன்னால் நம்ம கையில் தேதியோடு எழுத்து இருக்கும்.

எல்லா அளவையும் கிணற்றுக்காரர் பெயர், தேதியோடு தீர்மான நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறோம். ஆறு மாசம் கழித்து மறுபடி அளக்கிறோம். பாட்டிலை நன்றாகக் கழுவி, அந்தத் தண்ணியாலேயே இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடித்துக்கொண்டு வாருங்கள். அந்த அக்காவின் இரண்டு ஏக்கரில் மாட்டுத் தீவனச் சோளம் போட, அடுத்த கூட்டத்தில் கடன் மனு வருகிறது.